முதுகில் கதவு வைத்த கார்

என் கணவர் கார் வாங்கப் போகிறார் என்ற சேதி பரவியதும் கிருஷ்ணகிரியில் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் என்று யாரும் மிச்சமில்லை. என்னைத்தான் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், காரோ கழுதையோ, பெங்களூர் வழியிலிருக்கும் அத்திப்பள்ளி எல்லையை நிற்காமல் தாண்டும் என்றால் வாங்கிவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் கடைசி அது. நான் இரண்டாவது முறையாகப் பிள்ளை சுமந்துகொண்டிருந்தேன். முதல் பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. என் இடுப்பெலும்பு குறுகலானது, அறுவை செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும், அதற்குப் பெங்களூருக்குத்தான் போக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த முதல் தடவை, சொன்ன நாளுக்கு முன்பே வலி கண்டுவிட்டது. பக்கத்துத் தெரு பாயின் டாக்ஸியில் ஏறினோம். நம் பக்கத்து டாக்ஸி, அப்போது மைசூர் ராஜ்ஜியம் என்றிருந்த கர்நாடகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் அதற்குத் தனியாக பர்மிட் வேண்டும். பாயின் வண்டிக்கு அது இல்லை. அவசரத்தில் அவருக்கும் நினைவில்லை, எங்களுக்கும் நினைவில்லை. எல்லையில் குறுக்கே கிடந்த மூங்கில் தடுப்பு எழும்பவே இல்லை. பாய் அங்கிருந்த காவலரின் காலில் விழாத குறை. அந்தப் பக்கத்து டாக்ஸி ஒன்று வந்து, என்னைத் தூக்கி அதில் மாற்றிப் படுக்க வைத்து, பெங்களூர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எனக்கு நினைவு திரும்பியபோது பிள்ளை அங்கே இல்லை. அத்தை, அதாவது என் மாமியார், அதை ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார், நம் கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக வைத்துவிடுவார்கள் என்று கணவர் சொன்னார். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். அத்தையும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குப் பிறகு எங்கே மூங்கிலைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பந்தல் போட மூங்கில் வண்டி வந்தால்கூட உள்ளே போய்விடுவேன்.

சொந்தக் காருக்கு பர்மிட் தொல்லை கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் ஒன்றிரண்டு பேர். கல்யாணத்துக்குக் கேட்டால் பூக்கட்டித் தருவார்கள். பிரசவத்துக்கு யார் தருவார்கள்? தீட்டு என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், டயரில் காற்றில்லை என்பார்கள். ஆகவே எங்களுக்கென்று ஒரு கார் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளையும் அந்த மூங்கிலுக்கு இந்தப் பக்கமே போய்விடும் என்று நான் நம்பினேன். இரவில் படுத்தால் அதுதான் நினைப்பு, விடிந்தாலும் அதுதான்.

கணவர் புளி மண்டி வைத்திருந்தார். புளியை முகர்ந்தே இது கல்லாவிப் புளி, இது பர்கூர்ப் புளி என்று சொல்லிவிடுவார். மற்ற எந்த விஷயத்திலும் பத்துப் பேரைக் கேட்காமல் முடிவெடுக்கமாட்டார். எங்கள் பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர். பெங்களூரில் ஒரு தொழிற்சாலைக்கு வந்திருந்த அவர் நாட்டு இன்ஜினியர் ஒருவர் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வருவார், சொந்தப் பாஷையில் நாலு வார்த்தை பேசுவதற்காக. அப்படி வந்த ஒரு நாள் கோயில் வாசலில் அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்கள் நாட்டிலேயே அப்போதுதான் புதிதாக வெளிவந்த வண்டியாம். கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். இப்போது ஊர் திரும்பப் போகிறார், அரசாங்க அனுமதி கிடைத்தால் விற்றுவிட்டுப் போவார் என்று சாமியார் என் கணவரிடம் சொன்னார்.

பூசை முடிந்து வெளியே வந்த கூட்டம் முழுக்க அந்தக் காரைச் சுற்றி நின்றது. வெளிர்நீல நிறம். முன்பக்கம் மூக்கு இருந்தது. பின்பக்கம் சாமான் வைக்கிற பெட்டி நீண்டு நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, வெட்டிவிட்ட மாதிரி இறங்கியது. இன்ஜினியர் சிரித்துக்கொண்டே பின்புறத்தைப் பிடித்துத் தூக்கினார். கண்ணாடியோடு சேர்ந்து முதுகு முழுவதும் கதவாக மேலே எழும்பியது. பின் சீட்டை மடக்கி எடுத்துக் காட்டினார். உள்ளே ஒரு ஆள் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்க இடம் வந்துவிட்டது.

அங்கே மற்றவர்கள் காரைப் பார்த்தார்கள். நான் படுக்கையைப் பார்த்தேன். போன தடவை டாக்ஸியின் பின் சீட்டில் ஒடுங்கி மடங்கிக் கிடந்தது நினைவுக்கு வந்தது. இந்த வண்டி எங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று அந்த நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது கருத்து மழை. அரிசி ஆலைக்காரர் தன் அம்பாசடரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "காருன்னா முன்னால மூக்கும் இருக்கணும், பின்னால வாலும் இருக்கணும். இது வாலறுந்த வண்டிங்க. மரியாதப்பட்டவங்க இதுல போயி ஒரு கல்யாணத்துல எறங்க முடியுமா?" மண்டியில் லாரி ஓட்டியவர் கயிறு கொண்டுவந்து சக்கரங்களுக்கு நடுவே அளந்தார். ஒரு பக்கத்து முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இருக்கிற தூரம் மறுபக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. "மொதலாளி, இது நொண்டி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது அப்படித்தான் செய்யப்பட்டது என்று இன்ஜினியர் விளக்கியதைச் சாமியார் தமிழில் சொன்னார். "பொறக்கும்போதே நொண்டியா?" என்று அவர் இன்னும் வருத்தப்பட்டார்.

டாக்ஸி பாய் ஒரு நாள் மாலை வீட்டுக்கே வந்தார். போன தடவைக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு கணவரிடம், "ஒரு போல்ட்டு போச்சுன்னா பாரிசுக்குத்தான் தந்தி அடிக்கணும். சேலத்துலயும் கெடைக்காது, பெங்களூருலயும் கெடைக்காது. வேணாங்க" என்றார். பிறகு, போகத் திரும்பியபடி, "நான் பர்மிட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன். அதுக்குள்ள வந்துரும்னு நெனைக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர். ஆனால் 'நெனைக்கறேன்' என்பதை நம்பி நான் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்க முடியாது.

சாமியாரே வேண்டாம் என்றார். அவர் பேசும் தமிழ் ஜெபப் புத்தகத் தமிழ். "பிரெஞ்சுக்காரன் செய்த வாகனம் வழியில் நின்றுபோனால் அதைப் பிரெஞ்சில்தான் திட்ட வேண்டும். நீங்கள் எந்தப் பாஷையில் திட்டுவீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அந்த ஊர்க்காரரே வேண்டாம் என்கிறாரே என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்காமல் எழுந்துவிட்டார்.

எல்லாரையும்விடப் பெரிய எதிர்ப்பு அத்தையுடையது. பெங்களூரில் யாரோ பணக்காரர் வீட்டு அடக்கத்துக்குப் போனபோது சவப்பெட்டியைப் பின்பக்கமாக ஏற்றும் கறுப்பு வண்டியை அவர் பார்த்திருக்கிறார். "முதுகுல கதவு வெச்சது பொண வண்டி. உசுரோட இருக்கறவங்க பக்கத்துக் கதவுல ஏறுவாங்க. செத்தவங்கதான் பின்னால ஏறுவாங்க. வயித்துப் புள்ளக்காரிய அதுல ஏத்தறேன்னு சொல்றியே, உனக்கு என்னாடா ஆச்சு?" என்று மகனைப் பிடிபிடி என்று பிடித்தார். எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. பிணம், பிணம் என்று என் காதுபடச் சொல்கிறாரே, இவருக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நினைத்தேன். பயத்தில் இருக்கிறவளுக்குக் கோபம் மட்டும் குறைவில்லாமல் வரும்.

கணவர் இன்னும் யாரையாவது கேட்கலாம் என்று போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகிறவர்களைக்கூட விசாரிக்க ஆரம்பித்தார். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டேன். "நீங்க ஊரக் கேக்கறீங்க. ஊரா புள்ள பெக்கப் போவுது?" என்றேன். அத்தை இருக்கும்போது நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கணவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு நேராகச் சாமியாரைப் பார்க்கப் போனார்.

டில்லியிலிருந்து அனுமதி வரவேண்டியிருந்தது. அது வருவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வயிறு ஒரு பக்கம் வளர்ந்தது, அனுமதி மறு பக்கம் நகரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பினாலே வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். கடைசியில் ஒரு நாள் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. அத்தை வெளியே வந்து பார்க்கவில்லை.

வந்த பிறகுதான் இன்னொரு விஷயம் உறைத்தது. ஸ்டியரிங் இடது பக்கம். அதன் ஊரில் சாலையின் மறுபக்கம் போவார்களாம். நம் சாலையில் முன்னால் ஒரு லாரி போனால், இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு லாரியின் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க வலது பக்கச் சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து சொல்ல வேண்டும். கணவர் சிரிப்பும் அழுகையுமாக இதை விளக்கினார். அந்தச் சீட்டில் உட்கார வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான் படுத்துக்கொள்ள வேண்டியவள். என் அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். பிரசவத்துக்குப் பெண் துணையும் வேண்டும்.

"நான் உக்காந்துக்கறேன்" என்றார் அத்தை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. எனக்கு அதிலும் பயம்தான். பிண வண்டி என்று சொன்னவரின் கண்ணை நம்பி நான் எல்லைவரை போக வேண்டுமா?

கார் வந்ததும் வராததுமாக அத்தை ஒரு ஒத்திகை வேண்டும் என்றார். நல்லவேளை, என்னை வைத்து அல்ல. ஒரு கோரைப்பாயைச் சுருட்டி, ஒரு முனையில் தலை என்று துண்டு கட்டி, அதைக் காரில் ஏற்றச் சொன்னார். கணவர் தலைப்பக்கத்தை முதலில் உள்ளே விட்டார். "அப்போ ஆஸ்பத்திரியில எறக்கும்போது எது மொதல்ல வரும்?" என்று கேட்டார் அத்தை. கால்தான் வரும். எங்கள் பக்கத்தில் செத்தவர்களைத்தான் கால் முன்னாலே வரும்படி தூக்கிப் போவார்கள். கிறிஸ்தவர்களானாலும் இந்துக்களானாலும் அதில் வித்தியாசம் கிடையாது. ஆகவே பாயை வெளியே இழுத்துத் திருப்பி, காலை முதலில் உள்ளே விட்டு, தலை பின் கதவின் ஓரமாக வரும்படி வைத்தார்கள். இப்போது ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தால் தலைதான் முதலில் இறங்கும். அத்தைக்குத் திருப்தி. சாமியார் அந்த வழியாகப் போனவர் நின்று விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சுவிசேஷத்தில் கால்களைக் குறித்து இப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை" என்றார். "சுவிசேஷம் எழுதனவங்க புள்ள பெத்தவங்களா சாமி?" என்றார் அத்தை. சாமியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டார்.

முன்னதாகவே பெங்களூர் போய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்குவது என்று திட்டம். அதற்கும் ஏற்பாடு ஆகியிருந்தது. ஆனால் என் பிள்ளைகள் யாரும் திட்டத்தை மதிப்பவர்கள் அல்ல. புறப்பட இன்னும் சில நாள் இருக்கும்போது, காலையில் முதல் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், எனக்கு வலி எடுத்தது. கொஞ்சம் ரத்தமும் கண்டது. நான் கத்தவில்லை. கத்தினால் போன தடவை மாதிரி ஆகிவிடும் என்று ஏதோ ஒரு நினைப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னங்க, வண்டிய எடுங்க" என்றேன்.

ஒத்திகை பார்த்தபடியே கால் முதலில், தலை கதவோரம் என்று என்னை ஏற்றினார்கள். மெத்தை போட்டிருந்தது. படுத்தபடி பார்த்தால் முன் சீட்டில் இருவரின் பிடரிதான் தெரிந்தது. இடது பக்கம் கணவர், வலது பக்கம் அத்தை, நடுவில் குடைக்கம்பு போல நீட்டிக்கொண்டிருந்த கியர். ஊரைத் தாண்டியதும் வெயில் பின் கண்ணாடி வழியாக என் முகத்தில் நேராக இறங்கியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அத்தை திரும்பிப் பார்த்துவிட்டு, கையில் கிடைத்த என் கணவரின் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து, தலையிலிருந்து என்னைப் போர்த்திவிட்டார். அந்த வெள்ளைத் துணிக்குள் படுத்துக்கொண்டு பிள்ளை அசைகிறதா, அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்தபடியே போனேன்.

மேலுமலை ஏற்றத்தில் வைக்கோல் லாரி ஒன்று முன்னால் மாட்டியது. சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. "அம்மா, போலாமா?" என்று கணவர் கேட்பார். "இரு" என்பார் அத்தை. கொஞ்சம் கழித்து, "இப்போ?" "இரு, இரு. ஏதோ வருது." மறுபடி, "இப்போம்மா?" "இருடா." எதிரே ஒரு வண்டி 'விர்'ரென்று கடக்கும் சத்தம் வரும். பிறகு வெகு நேரம் ஒன்றும் வராது. அப்போதும் அத்தை போ என்று சொல்லவில்லை. எனக்கு வலியைவிட அந்த 'இரு'தான் பொறுக்க முடியவில்லை. இந்தக் கிழவி என் பிள்ளையை இந்த லாரிக்குப் பின்னாலேயே கொன்றுவிடப் போகிறாள் என்று மனதுக்குள் திட்டினேன். ஜெபமாலை சொல்ல வேண்டிய நேரத்தில் திட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அதற்கு வேறு பயந்தேன்.

சூளகிரி தாண்டி, ஓசூர் தாண்டி, வண்டி வேகம் குறைந்தபோது எனக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, எல்லை வந்துவிட்டது. நம் பக்கத்துச் சாவடியில் போகிறவர்களை அதிகம் கேட்கமாட்டார்கள். திரும்பி வருகிறவர்களைத்தான் குடைவார்கள். நம் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் கடை திறந்து கிடந்தது. மூட்டை, கூடை, பெண்கள் மடி எல்லாவற்றிலும் பாட்டில் தேடுவார்கள். அதைக் கடந்து மைசூர் பக்கத்து மூங்கிலுக்கு முன்னால் வண்டி நின்றது. நின்றுவிட்டது. என் மூச்சும் அதோடு நின்ற மாதிரி இருந்தது.

எந்தக் காருக்கும் ஓட்டுகிறவர் வலது பக்கம்தான் இருப்பார். ஆகவே காவலர் வலது பக்கம் வந்து, லைசென்ஸ் எங்கே என்று அத்தையைக் கேட்டார். பிறகு அத்தைக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லாததைக் கண்டு திகைத்து, காரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் காலடி என் தலைமாட்டில் வந்து நின்றது. "ஏனு இது? ஹெணவா?" என்றார். பிணமா என்று கேட்கிறார். அங்கே எல்லாருக்கும் எல்லாப் பாஷையும் கொஞ்சம் தெரியும்.

அத்தை கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "யாரப் பாத்துய்யா பொணங்கற? என் மருமகய்யா. பிரசவத்துக்குப் போறோம்."

"பொய் சொல்லாதம்மா" என்று காவலர் தமிழுக்கு மாறினார். "மொகத்த மூடி வெள்ளத்துணி போட்டிருக்குது. கால முன்னால வெச்சு இட்டுனு போறீங்க. பொணம் இல்லாம வேற என்னா? எல்ல தாண்டணும்னா டாக்டர் சீட்டு வேணும்."

துணிக்குள் இருந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் எது முதலில் இறங்கும் என்று அத்தனை யோசித்தோம். வழி முழுவதும் எது முன்னால் போகும் என்று யாருமே யோசிக்கவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து அத்தனை தூரமும் நான் கால் முன்னாலேதான் போய்க்கொண்டிருந்தேன். பிண வண்டி, பிண வண்டி என்று சொன்ன அத்தையே தன் கையால் வெள்ளைத் துணியும் போர்த்தி அனுப்பியிருக்கிறார்.

அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியவில்லை. வேட்டியைப் பிடுங்கி எறிந்து, முழங்கையை ஊன்றி எழுந்து, தலைமாட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பி, "யோவ், நான் இன்னும் சாவலய்யா! கட்டையத் தூக்கு!" என்று கத்தினேன். அந்த மனிதர் பின்னால் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அத்தை அவர் பின்னாலேயே போய், "ஜீவ இதே! எரடு ஜீவ இதே!" என்று கத்திக்கொண்டிருந்தார். உயிர் இருக்கிறது, இரண்டு உயிர் இருக்கிறது என்று. மூங்கில் எழும்பிய பிறகும் நிறுத்தவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, தமிழ் மட்டுமே பேசும் தன் மகனிடமும் அதையே கன்னடத்தில் சொன்னார்.

என்னைத் திருப்பிப் போட நேரமில்லை. "கால மடக்கிக்க கண்ணு. நீட்டாத. முட்டிய மேல தூக்கி வெச்சுக்க" என்றார் அத்தை. பெங்களூர் போய்ச் சேரும்வரை, வலி வந்தபோதும் போனபோதும், முழங்காலை மடக்கியே வைத்திருந்தேன். நான் அந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் காலை நீட்டவில்லை. "அம்மா, போலாமா?" என்று கணவர் கேட்கும்போதெல்லாம் அத்தை, "போ, போ, போயிக்கிட்டே இரு" என்றார். இதற்கு அந்த வைக்கோல் லாரியே தேவலாமே என்று எனக்கு இப்போது வேறு பயம்.

ஆஸ்பத்திரி வாசலில் தலைதான் முதலில் இறங்கியது. அறுவை செய்து எடுத்தார்கள். பையன். எடை குறைவு, ஆனால் அழுதான். அந்த அழுகையை நான் கேட்கவில்லை, மயக்கத்தில் இருந்தேன். வராந்தாவில் நின்ற அத்தை கேட்டிருக்கிறார். கேட்டதும் தரையில் உட்கார்ந்தவர் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை என்று கணவர் சொன்னார்.

பையனுக்கு உடம்பு தேறும்வரை அங்கேயே வைத்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பிய நாளில் பின் சீட்டை மறுபடி மாட்டியிருந்தார்கள். நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தையல் இன்னும் வலித்ததால் பிள்ளையை அத்தை மடியில் வைத்துக்கொண்டு தன் வழக்கமான வலது பக்கச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயம் போகவில்லை. மூச்சு விடுகிறானா அத்தை, மூச்சு விடுகிறானா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். மைசூர் பக்கத்தில் யாரும் எங்களை நிறுத்தவில்லை. நம் பக்கத்துச் சாவடியில் நிறுத்தினார்கள். இந்தக் காவலரும் வலது பக்கம்தான் வந்தார். குனிந்து பார்த்தார். அத்தை மடியில் துணி மூட்டை.

"மடியில என்னம்மா, துணிக்குள்ள?"

பாட்டில் இருக்கிறதா என்று எல்லாரையும் கேட்கிற கேள்விதான். பேரன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போகச் சொல்லியிருப்பார். அத்தை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மெதுவாகத் துணியின் ஒவ்வொரு சுற்றாக விலக்கினார். காற்றுப் படுகிறதே என்று நான் பதறினேன். அவர் காதில் விழவில்லை. "பாரு" என்றார் காவலரிடம். "கிட்ட வந்து பாரு."

"சரிம்மா, போங்க."

"நல்லாப் பாருய்யா. மூக்குல வெரல வெச்சுப் பாரு. மூச்சு வருதா?"

அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு விரலைக் கொண்டுபோனார். பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். காவலர் கையை இழுத்துக்கொண்டு மூங்கிலைத் தூக்கச் சொன்னார். வழி திறந்துவிட்டது. கணவர் வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினார். அத்தை பிள்ளையை மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்காமல் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"போன தடவ பஸ்ல வந்தேன். இதே எடத்துல ஏறிக் கேட்டாங்க, மடியில என்னன்னு. பொணம்னு சொன்னா பஸ்ஸ விட்டு எறக்கி வுட்ருவாங்க. அப்பறம் எப்பிடி ஊரு போயிச் சேர்றது? பழந்துணின்னு சொன்னேன். அவங்க மேலாக்க ஒரு தட்டுத் தட்டிப் பாத்துட்டு எறங்கிட்டாங்க. ஊருவரைக்கும் அழுவக்கூட இல்ல. பழந்துணிக்கு யாராச்சும் அழுவாங்களா?"

பையன் இன்னும் அழுதுகொண்டிருந்தான். பின்னாலிருந்து கை நீட்டி அத்தையின் தோளைப் பிடித்தேன்.

"அத்தை, அது என்ன புள்ள?"

"பொண்ணு" என்றார். "நெத்தி உன்னாட்டமே இருந்துச்சு."

நான் அழுதேன். கணவர் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து வண்டியைக் கிளப்பினார். முன்னால் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அம்மா, போலாமா?"

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை ஒரு கையால் அணைத்தபடி, எட்டி எதிர்ச் சாலையைப் பார்த்தார்.

"இரு, ஒரு வண்டி வருது" என்றார். அது போனதும், "இப்ப போ" என்றார்.